ஊறப்போட்ட வள்ளம், உலரப்போட்ட போட்

பத்து வயதில் நான் தண்ணீர்ப் பம்பாக உத்தியோகம் பார்த்தேன். அப்புவின் வள்ளத்தில் சுக்கான் அவருக்கு, பாய் சித்தப்பாவுக்கு, அடியில் சேரும் தண்ணீர் எனக்கு. சம்பளம் கிடையாது. கருவி மட்டும் உண்டு: பனையோலைப் பட்டை. கிணற்றடியில் தேய்ந்து, விளிம்பு பிய்ந்து, அம்மா 'இனி உதவாது' என்று எறிந்த பிறகுதான் ஒரு பட்டைக்குக் கடலில் பதவி கிடைக்கும். ஊர்காவற்றுறைக் கரையை விட்டுக் கடற்கோட்டையைத் தாண்டுவதற்குள் என் கணுக்கால் நனைந்திருக்கும்.

"அப்பு, வள்ளம் ஒழுகுது."

"ஒழுகேல்லையடா, வேர்க்குது. நீ இறை."

வள்ளத்தின் வயிற்றுக்குள் வங்குகள் வரப்பைப்போலக் குறுக்கே நிற்கும். வரப்பு நின்றால் தண்ணீரும் பாத்தி பாத்தியாய் நிற்கும். அதனால் ஒவ்வொரு வங்கின் அடியிலும், ஏராவை ஒட்டி, விரல் நுழையும் அளவில் ஒரு துளை. அணியத்தில் விழுந்த தண்ணீரும் நடுவில் விழுந்த தண்ணீரும் அந்தத் துளைகளுக்குள்ளால் நகர்ந்து என் காலடியில் வந்து சேரும். மீன் செதிளும் சேறும் அடைத்துக்கொண்டால் வராது. அதற்கும் அப்பு வழி வைத்திருந்தார். எல்லாத் துளைகளையும் கோத்து ஒரு தும்புக் கயிறு, இடைக்கிடை முடிச்சுடன். அதை முன்னும் பின்னும் நாலு தரம் இழுத்தால் அடைப்பு விடும். வள்ளத்துக்குப் பல் தீட்டுவது என்று நான் அதற்குப் பெயர் வைத்திருந்தேன். சித்தப்பா சிரிப்பார். அப்பு சிரித்ததாக ஞாபகம் இல்லை.

வருசத்துக்கு ஒருமுறை வள்ளத்தைக் கரையில் ஏற்றிக் கலப்பத்துப் பார்ப்பார்கள். பலகை இடுக்குகளில் பஞ்சை உளியால் அடித்து ஏற்றி, குங்கிலியத்தை எண்ணெயில் காய்ச்சிப் பூசுவது. அந்த மணம் வீட்டுச் சோற்றிலும் இரண்டு நாளுக்கு இருக்கும். அதற்குப் பிறகு அப்பு செய்த காரியம்தான் எனக்கு அன்றைக்கு விளங்கவில்லை. இவ்வளவு பாடுபட்டு அடைத்த வள்ளத்தை இடுப்பளவுத் தண்ணீருக்குள் தள்ளி, கல் ஏற்றி, வேண்டுமென்றே தாட்டு வைப்பார். வெயிலில் சுருங்கிய பலகை தண்ணீர் குடித்து உப்பினால்தான் இடுக்கு நெருங்கும். மூன்று நாள் ஊறியபின் கல்லை இறக்கி, தண்ணீரை இறைத்து வெளியே எடுத்தால், இனி ஒழுகாது. அதாவது, கொஞ்சமாக வேர்க்கும். இறைத்தது யார் என்று சொல்லத் தேவையில்லை.

காரைநகரில் நோர்வேயின் கைகொடுப்போடு சீநோர் நிறுவனம் தொடங்கியது 1967 இல். அங்கே பைபர் படகு கட்டத் தொடங்கிய பிறகு, எழுபதுகளின் நடுவில் ஒருநாள், எங்கள் துறையில் ஒரு சம்மாட்டி பளபளவென்று ஒன்றைக் கொண்டுவந்து இறக்கினார். இடுக்கு இல்லை, பஞ்சு இல்லை, குங்கிலிய மணம் இல்லை. ஊரே சுற்றி நின்றது. அப்பு குனிந்து விரல் மொழியால் தட்டிப் பார்த்தார்.

"வள்ளமில்லை, வாளி," என்றார். "வெளியால உள்ள தண்ணி வராதுதான். உள்ளுக்க வந்தது எப்பிடி வெளியில போகும்?"

கிழவனுக்குப் பொறாமை என்று எல்லோரும் சொன்னார்கள். நானும் சொன்னேன். என் பம்பு உத்தியோகம் ஒழியப்போகிறது என்ற சந்தோசம் எனக்கு.

அப்பு போன பிறகும் வள்ளம் இருந்தது. 1990, 91 படை நடவடிக்கைகளோடு தீவார் பெரும்பாலும் இடம்பெயர்ந்தோம். கடலில் கிடந்திருந்தால் பலகை சுருங்கியிருக்காது. பத்திரம் என்று நினைத்து மேட்டில் ஏற்றிவிட்டுப் போனோம். ஊறப்போட ஆளில்லை. வருசங்கள் கழித்து வந்து பார்த்தபோது பலகைக்கும் பலகைக்கும் இடையால் கை போய்வந்தது. வங்குகளில் பாதியை யாரோ அடுப்புக்கு எடுத்திருந்தார்கள். தும்புக் கயிற்றில் ஒரு முழம் மிச்சம் கிடந்தது.

இனி இன்றைக்கு வருவோம். தமக்கையின் மகன் வடமராட்சிப் பக்கம் போய்ப் பழைய பதினெட்டு அடி பைபர் போட் ஒன்றை மலிவு விலைக்கு வாங்கி, லாண்ட்மாஸ்ரரில் ஏற்றி வந்தான். பக்கத்தில் ஏதோ ஒரு நாட்டுக் கொடியும் யாரோ ஒரு கொடையாளியின் பெயரும் அரைகுறையாக அழிந்து கிடந்தன. 2004 ஆழிப்பேரலைக்குப் பிறகு அவசர அவசரமாகச் செய்து கொடுத்த போட்டுகளில் ஒன்று. கடல் அடித்துக்கொண்டு போனதற்குப் பதிலாகக் கொடுத்தது. கடலுக்கு இது பிடித்ததா என்று யாரும் கேட்கவில்லை.

"இதில ஒழுக்கே இருக்காது மாமா. தளத்துக்குக் கீழ சீல் பண்ணின அறை. உள்ளுக்கு ரெஜிபோம் நுரை. கவிழ்ந்தாலும் தாழாது."

"ரைட்டானிக்கிலயும் அறை இருந்ததாமே?"

"அது 1912 மாமா. அதில பதினாறு அறை. சுவர் மேல்வரைக்கும் போகேல்லை, ஒண்டு நிரம்பி மற்றதுக்க வழிஞ்சது."

"உன்ரையில எத்தினை?"

"ஒண்டு."

அந்த ஒன்றை இறக்க நாலு பேர் போதும் என்றான். நாலு பேர் பிடித்தோம், அசையவில்லை. ஆறு பேர் பிடித்தோம், முனகியது. சந்தேகப்பட்டு அமரப் பக்கம் அடியில் துளைபோட்டான். தேநீர் நிறத்தில் தண்ணீர் வரத் தொடங்கியது. நான் மணிக்கூட்டைப் பார்த்தேன்: ஒன்றரை மணித்தியாலம். அது எந்த வருசத்துக் கடல் என்று கண்டுபிடிக்க முடியவில்லை.

சீல் பண்ணின அறைக்குள் தண்ணீர் எப்படிப் போனது? இதற்குத் துப்பறிவாளர் தேவையில்லை. தளத்தில் வலைக்கொழுவி பூட்ட முடுக்கிய ஒவ்வொரு ஆணியும் ஒரு வாசல். பகலில் வெயிலில் கிடந்த போட்டின் அறைக்காற்று விரிந்து அந்த இடுக்குகளால் வெளியேறும். பின்னேரம் குளிர்ந்த கடலில் இறக்கியதும் உள்ளே மிஞ்சிய காற்று சுருங்கி, வெளியே இருப்பதை உறிஞ்சும். வெளியே இருப்பது கடல். நாளுக்கு ஒரு மிடறு குடித்தால் போதும். அப்புவின் வள்ளமும் தண்ணீர் குடித்தது, ஆனால் குடித்ததை எங்கள் கண் முன்னால் வைத்திருந்தது. இது மறைவாகக் குடித்தது. ஒரு லீற்றர் ஒரு கிலோ என்றால், பழைய முதலாளி எத்தனை ஆள் பாரத்தைத் தினமும் சும்மா கடலுக்குக் கூட்டிப்போய்க் கூட்டிவந்திருப்பார்! 2022 ஓகஸ்டில் எஞ்சினுக்கு ஊற்றும் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயிலிருந்து 340 ஆன நாட்களிலும் அந்தப் பயணிகளுக்கு அவர் கட்டணம் கட்டியிருப்பார்.

மறித்த அறை என்பது பொடியன் நினைக்கிற மாதிரிப் புதுச்சரக்கும் இல்லை. பக்கத்து அல்லைப்பிட்டியில் 1977 இல் தோண்டியெடுத்த சீனப் பீங்கான்கள் சொங் அரச காலத்தவை. அந்தக் காலத்துச் சீனக் கப்பல் ஒன்றை 1974 இல் சீனாவின் சுவான்சோ கரைச் சேற்றிலிருந்து எடுத்தார்கள்: பன்னிரண்டு குறுக்குச் சுவர், பதின்மூன்று அறை. நான் வாய்விட்டுச் சிரித்த இடம் அடுத்தது. அந்தச் சுவர்களின் அடியில், ஏராவை ஒட்டி, தண்ணீர் ஓடச் சின்னத் துளைகள். அறையை அடைத்தவனே ஓட்டையும் விட்டிருக்கிறான். அந்தத் துளையைப் பார்த்திருந்தால் அப்பு கயிறு இருக்கிறதா என்றுதான் கேட்டிருப்பார்.

அப்படியும் கப்பல்கள் இங்கே உடைந்தன. நயினாதீவில் இருக்கிற பராக்கிரமபாகு மன்னனின் பன்னிரண்டாம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு அதைத்தான் பேசுகிறது. பிறநாட்டு வணிகர் ஊராத்துறைக்கு வரவேண்டும், அவர்களுக்குக் காவல் வேண்டும் என்கிறது. அந்த ஊராத்துறை எங்கள் ஊர்காவற்றுறை. ஆனையும் குதிரையும் ஏற்றிவந்த கலம் உடைந்தால் காற்பங்கு அரச பண்டாரத்துக்கு, முக்கால் உடையவனுக்கு. வணிகச் சரக்குக் கலம் உடைந்தால் பாதிக்குப் பாதி. ஒராவும் ஓட்டியும் ஏற்றிய வள்ளம் தாழ்ந்தால் யாருக்கு எவ்வளவு என்று கல்லில் இல்லை. கேட்டு ஆள் அனுப்பும் அளவுக்கு அரசனுக்கு மீன் பிடித்திருக்காது.

மருமகன் தளத்தை வெட்டி எடுத்தான். உள்ளே ரெஜிபோம் ஊறிய பாண் மாதிரிக் கிடந்தது. அள்ளி வெளியே போட்டு, போட்டைப் பங்குனி வெயிலில் கவிழ்த்து உலரப்போட்டோம். ஈரம் இருந்தால் ரெசின் பிடிக்காதாம். ஒரு கிழமை, இரண்டு கிழமை, மூன்று. தண்ணீரில் ஊறினால்தான் ஒழுகாத வள்ளத்தில் வளர்ந்தவன், காய்ந்தால்தான் ஒழுகாத போட்டுக்குக் காவல் இருந்தேன். ஒருநாள் பருவம் தப்பிய மழை வந்தபோது நான் போர்வையை எடுத்துக்கொண்டு ஓடினேன். மனிசி வாசலில் நின்று பார்த்தா. எனக்கு அந்தப் போர்வை ஒருநாளும் கிடைத்ததில்லை என்பதை அவ இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறா.

பிறகு புது ரெஜிபோம் அடுக்கி, அதன்மேல் பைபர் மற் விரித்து, ரெசினை ஊற்றினான். நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கவே ரெஜிபோம் சீனிபோலக் கரைந்து குழி விழுந்தது. ரெஜிபோம் பொலிஸ்டைரீன், ரெசினுக்குள் இருப்பதும் ஸ்டைரீன், சொந்தக்காரர் சந்தித்ததும் கட்டிப்பிடித்துக் கரைந்துவிட்டார்கள். யூரியூப்பில் வெள்ளைக்காரன் பாவித்தது வேறு நுரையாம்; அதன் விலையைக் கேட்டுவிட்டு ஃபோனை வைத்தான்.

கடைசியில் தீர்வு கடற்கரையிலேயே கிடந்தது. குறிகட்டுவானிலிருந்து நயினாதீவுக்குப் போகிற அடியார்கள், அம்மனிடம் போகிறவர்களும் நாகவிகாரைக்குப் போகிறவர்களும் மத வேறுபாடு பாராமல் கடலில் விட்ட சோடாப் போத்தல்கள். ஒன்றரை லீற்றர் போத்தல் மூடி இறுகியிருந்தால் ஏறக்குறைய ஒன்றரைக் கிலோவைத் தூக்கும். மருமகன் ஃபோனில் கணக்குப் போட்டான். கூடு முந்நூறு கிலோ. பைபர் தண்ணீரைவிட ஒன்றரை மடங்கு பாரம் என்பதால், முழுக்கத் தாழ்ந்தாலும் இருநூறு கிலோவைத் தண்ணீரே தாங்கும். மிச்சம் நூறு, எஞ்சின் ஐம்பது. நூறு போத்தல் போட்டால் தாழாது. இருநூறு போட்டால் ஆட்களும் பிடித்துத் தொங்கலாம்.

"முழுக்க அடியில அடுக்காதை," என்றேன். இது ஒன்றுதான் முழு வேலையிலும் என் பங்கு. மிதப்பு அடியில் இருந்தால் தண்ணீர் நிரம்பியதும் போட் புரண்டு வயிற்றைக் காட்டும். விளிம்பை ஒட்டி இரண்டு பக்கமும் மேலே இருக்கவேண்டும். பாரமான எஞ்சின் பக்கம் கூட. அப்புவின் வள்ளத்துக்கு இந்தக் கணக்கு ஒன்றும் இல்லை, மரமே மிதப்பு. நிரம்பினாலும் விளிம்பளவில் கிடக்கும். பிடித்துக்கொண்டு வசை வாங்கலாம்.

இப்போது அறை ஒன்றில்லை, மூன்று. ஒவ்வொன்றிலும் கை விட்டுப் பார்க்க முறுக்கு மூடி. அமரப் பக்கத் தாழ்ந்த மூலையில் ஒரு துளை, அதற்கு ஒரு தக்கை. சீல் பண்ணின அறை சீலாக இருக்கவேண்டுமானால் திறக்க வழி வேண்டும் என்று கண்டுபிடிக்க எங்களுக்கு இரண்டு மாதம் ஆனது. ரியூப் ஒட்டுக்காரன் மாதிரி சைக்கிள் பம்பால் காற்றடித்து, சவர்க்கார நுரை பூசி, குமிழி வந்த இடங்களையெல்லாம் அடைத்தான்.

முதல் நாள் நண்டு வலைக்குப் போய்வந்ததும் போட்டைக் கரையில் ஏற்றி மூன்று தக்கைகளையும் கழற்றினான். முதல் அறை காய்ந்து கிடந்தது. இரண்டாவதும் அப்படியே. மூன்றாவதிலிருந்து ஒரு தேக்கரண்டியளவு தண்ணீர் சொட்டியது. பொடியன் மணலில் குந்திவிட்டான்.

நான் ஒரு சொட்டை விரலில் ஏந்தி நாக்கில் வைத்தேன். உப்பென்றால் ஒழுக்கு. சவர்க் கிணற்றில் வளர்ந்த நாக்கு எங்களுடையது, உப்பு விசயத்தில் அதை அவ்வளவு நம்பமுடியாது. இன்னொரு சொட்டையும் வைத்துப் பார்த்தேன். எங்கள் கிணற்றைவிட நல்ல தண்ணீர்.

"ஒழுகேல்லையடா," என்றேன். "காத்து குளிர்ந்து வேர்த்திருக்கு."

"சும்மா விடுங்கோ மாமா," என்று சவர்க்கார நுரையைத் தேடி எழும்பிப் போனான்.