கேளுங்கள், சொல்கிறேன்

கே: கடும் பாதிப்புள்ள பிள்ளைக்கு அரசு தரும் பராமரிப்பு உதவித்தொகை தாராளம் என்கிறார் என் மைத்துனர். (திருமங்கலம்)

ப: அவரை ஒரு மாதம் டயாப்பர் வாங்கிவர அனுப்புங்கள். ஆறு வயதுப் பிள்ளைக்கு நாளைக்கு மூன்று, மாதத்துக்கு 90. உதவித்தொகை 2,000 ரூபாயை வகுத்தால் ஒன்றுக்கு 22 ரூபாய் சொச்சம். மருந்தும் ஆட்டோவும் மைத்துனர் கணக்கு. 2023 ஜனவரிக்கு முன்னால் 1,500-தான் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். 'ஏறியிருக்கிறதே!' என்பார்.

கே: என் பையன் சான்றிதழில் 78 சதவீதம். இது கடும் பாதிப்பா, இல்லையா? (அரியலூர்)

ப: எந்த ஆபீசில் கேட்கிறீர்கள்? உதவித்தொகைக்கு 75 இருந்தால் கடும் பாதிப்பு. வருமான வரிக்கு 80 வேண்டும். தொட்டால், பழைய வரி முறையில் இருக்கும் பெற்றோருக்கு 1,25,000 ரூபாய் கழிவு, தொடாவிட்டால் 75,000. உங்கள் பையன் காலையில் கடும், மத்தியானம் சாதா! அறிவுசார் குறைபாடு என்றால் உதவித்தொகைக்கு 40 சதவீதமே போதும். அதனால் எண்ணை மட்டும் பார்க்காதீர்கள், எந்த வகை என்று எழுதியிருக்கிறது என்பதையும் ஆஸ்பத்திரி வாசலிலேயே படித்துவிடுங்கள். வீட்டுக்கு வந்து படித்தவர்கள் மறுபடி பஸ் ஏறியிருக்கிறார்கள்.

கே: மகளுக்கு மூளை முடக்குவாதம். ஆதாருக்கு ரேகை விழவில்லை என்று மூன்று முறை திருப்பி அனுப்பிவிட்டார்கள். (தேனி)

ப: மணிக்கட்டை ஒரு கையால் பிடித்து, இறுகிய விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து, சுண்டுவிரலுக்கு வருவதற்குள் ஆட்காட்டி விரல் மடங்கிவிடும். மெஷினுக்கு இது தெரியாது. ரேகை எடுக்க முடியாதவர்களுக்கு ஆதாரிலேயே விதிவிலக்குப் பதிவு உண்டு. நான்காம் முறை போகும்போது அந்த வார்த்தையைச் சொல்லிக் கேளுங்கள்.

கே: பிசியோதெரபிக்குக் காப்பீடு கிடைக்குமா? (ஆம்பூர்)

ப: தேசிய அறக்கட்டளையின் 'நிராமயா'வில் கிடைக்கும். ஆண்டுக்கு 1 லட்சம் ரூபாய் வரை. ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு ஆகியவற்றுக்கு மட்டும்.

கே: பிள்ளைக்காக பனியன் கம்பெனி வேலையை விட்டேன். எனக்கென்று ஏதும் உண்டா? (திருப்பூர்)

ப: மத்திய அரசு ஊழியராக இருந்தால் 730 நாள் விடுப்பு, மாற்றுத்திறன் பிள்ளைக்கு வயது வரம்பும் இல்லை. பனியன் கம்பெனிக்கு அந்தச் சட்டம் இன்னும் வந்து சேரவில்லை. கேரளாவில் 'ஆஸ்வாசகிரணம்' என்று பார்த்துக்கொள்பவருக்கே மாதம் 600 ரூபாய் வைத்தார்கள். சின்னத் தொகைதான், ஆனால் யாருக்கு முதுகு வலிக்கிறது என்று தெரிந்து கொடுத்தது. இங்கே, 2023-ல் மகளிர் உரிமைத் தொகை 1,000 ரூபாய் வந்தபோது, உதவித்தொகை வாங்கும் பிள்ளையின் அம்மாவும் விண்ணப்பிக்கலாம் என்று விதியைத் தளர்த்தினார்கள். அது குடும்பத் தலைவிக்கு. தூக்கிச் சுமப்பதற்குக் கூலி தனியாக இல்லை.

கே: அரசாங்கப் பணம் வாங்க வெட்கமாக இருக்கிறது என்கிறார் என் கணவர். (காரைக்குடி)

ப: 1,25,000 கழிவு எழுதிய யாராவது ஆடிட்டர் வீட்டில் வெட்கப்பட்டுப் பார்த்திருக்கிறாரா? அவர் வெட்கப்பட்டு முடிப்பதற்குள், பிள்ளையின் பெயரோடு கார்டியனாக உங்கள் பெயரைப் போட்டுக் கணக்கைத் தொடங்கிவிடுங்கள்.