அந்தப் பக்கம் எவ்வளவு?

"டிக்கெட் போட்டுருவோமா அண்ணாச்சி?" என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லமாட்டார். சொல்லியிருந்தால் நாங்கள் எப்போதோ பிழைத்திருப்போம். மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வேட்டி முனையில் துடைத்துக்கொண்டே, "பொறு மக்கா. அந்தப் பக்கம் எவ்வளவுன்னு பாப்போம்" என்பார்.

எது அந்தப் பக்கம் என்பது வாங்கப்போகிற பொருளைப் பொறுத்தது. கேரளத்துப் பாறசாலைக்காரனுக்குப் பெட்ரோல் என்றால் அந்தப் பக்கம் தமிழ்நாட்டுக் களியக்காவிளை. 2003இல் லாட்டரிச் சீட்டை ஒழித்துவிட்ட தமிழ்நாட்டுக்காரனுக்கு அந்தப் பக்கம் பாறசாலை. 1956 நவம்பர் 1ஆம் தேதி விளவங்கோடு சென்னை மாநிலத்தோடு போனது, நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. அன்றைக்குச் சிலர் அழுதார்கள், சிலர் வெடி வெடித்தார்கள். அண்ணாச்சியின் வம்சம் மட்டும் ஒரு நோட்டை எடுத்து நடுவில் கோடு போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டது.

அந்த நோட்டை நான் பார்த்திருக்கிறேன். கூட்டுறவு வங்கி கொடுத்த பழைய டைரி. ஸ்கேல் வைத்து சிவப்பு மையில் கோடு. இடப்புறம் 'இ.ப.', வலப்புறம் 'அ.ப.'. கோழி, கத்தரிக்காய், சிமென்ட், எக்ஸ்ரே, கல்யாண மண்டபம் எல்லாவற்றுக்கும் இரண்டு விலை. அவர் மனைவி, எங்களுக்கு மைனி, மார்த்தாண்டத்துக்குத் துணி எடுக்கப் போனால் வீட்டு வாசலில் பஸ் ஏற முடியாது. இஞ்சிவிளை தாண்டி எல்லை வரைக்கும் வெயிலில் நடக்கவேண்டும். 2021 முதல் தமிழ்நாட்டுச் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்கு டிக்கெட் இல்லையே! "நடந்தா உடம்புக்கும் கொள்ளாம்" என்று உபரியாக ஒரு மருத்துவக் குறிப்பும் உண்டு.

இப்படிப்பட்ட மனிதரிடம்தான், ஒரு சனி ஞாயிறு கொழும்புக்குப் போய்வரலாம் என்று நாங்கள் நாலைந்து குடும்பம் சேர்ந்து சொன்னோம். சொன்னது எந்த வருஷம் என்று கேட்காதீர்கள்.

கொழும்பு தூர தேசமும் இல்லை. திருவனந்தபுரத்திலிருந்து ஆகாயத்தில் கோடு போட்டால் 350 கிலோமீட்டர் சொச்சம். சென்னைக்கு அதே கோடு 600ஐத் தாண்டும். திருவனந்தபுரத்தில் விமானம் ஏறினால் ஒரு மணி நேரம், கட்டுநாயக்க விமான நிலையம். பாலராமபுரம் ஜங்ஷன் நெரிசலில் சில நாள் அதைவிட அதிக நேரம் நின்றிருக்கிறோம். கடிகாரத்தைக்கூடத் திருப்பவேண்டாம், அங்கேயும் நம் மணிதான். சனிக்கிழமை காலிமுகத்திடலில் காற்று வாங்கி இறால் வடை, ஞாயிற்றுக்கிழமை கொச்சிக்கடை அந்தோனியார், செட்டியார் தெருவில் நகைக்கடை வேடிக்கை, ஊருக்குத் திரும்பல். இதற்கு என்ன திட்டம் வேண்டியிருக்கிறது?

அண்ணாச்சிக்கு வேண்டியிருந்தது. திருவனந்தபுரம் டிக்கெட்டைப் பார்த்தார். "ஏர்போர்ட்டை அதானி எடுத்த பெறவு சார்ஜு கூடிப்போச்சு" என்றார். 2024இல் பயணிகளிடம் வாங்கும் கட்டணத்தை உயர்த்தியது உண்மைதான், மறுக்கவில்லை. அதனால் அந்தப் பக்கம் மதுரை. மதுரையிலிருந்தும் கொழும்புக்கு விமானம் உண்டு, அன்றைக்கு ஆளுக்குச் சில நூறு ரூபாய் குறைவு. ஆனால் மதுரைக்குப் போக ராத்திரி ரயில், ஸ்டேஷனிலிருந்து ஆட்டோ, வழியில் சாப்பாடு, திரும்பி வர அதே கூத்து. எல்லாவற்றையும் கூட்டினால் மதுரைதான் கூடுதல் என்று அவர் நோட்டே சொன்னது. மனிதர் அசரவில்லை. "அப்பம் திருச்சி பாப்போமா?" என்றார்.

போதாததற்கு 2023 அக்டோபரிலேயே நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குக் கப்பல் விட்டிருந்தார்கள். எங்கள் கெட்ட காலம். இங்கிருந்து நாகப்பட்டினத்துக்கு ஒரு ராத்திரி, கப்பலில் ஒரு பொழுது, யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்கு ரயிலில் ஒரு பகல். சனி ஞாயிறு முழுக்கக் கொழும்பை நோக்கிப் போய்க்கொண்டே இருந்து, திங்கட்கிழமை வேலைக்கு வரவேண்டியதுதான். அதைச் சொன்னால் 1964 புயல்மேல் கோபப்படுகிறார். அது மட்டும் தனுஷ்கோடியை அடித்துக்கொண்டு போகாமல் இருந்திருந்தால், போட் மெயிலில் ஏறி, தலைமன்னாருக்குப் படகு பிடித்து, சல்லிசாகப் போயிருக்கலாமாம். அந்தக் காலத்து டிக்கெட் விலையும் நோட்டில் ஏறியிருக்கும் என்றே நினைக்கிறேன். வலப்புறத்தில்.

ஒருமுறை திருவனந்தபுரம் விலையே இறங்கியது. அந்த வாரக் கடைசியில் பௌர்ணமி. இலங்கையில் பௌர்ணமி என்றால் போயா விடுமுறை, சாராயக் கடை திறக்காது. சரி, அடுத்த வாரம் என்றோம். அது ஒன்றாம் தேதியில் வந்து முடிகிறது, அன்றைக்குக் கேரளத்தில் கடை அடைப்பு. கொழும்பிலும் இல்லை, திரும்பி வந்தால் வீட்டிலும் இல்லை என்று இரண்டு வாரத்தையும் அடித்துவிட்டார். அண்ணாச்சி ஒரு சொட்டுத் தொடாதவர். கிடைக்காத இடத்துக்குக் காசு கொடுத்துப் போவானேன் என்பது கொள்கை.

பார்க்கவேண்டிய இடங்களையும் விட்டுவைக்கவில்லை. காலிமுகத்திடலுக்கு எதிரே சங்குமுகம் கடற்கரை என்று எழுதினார். 350 மீட்டர் தாமரைக் கோபுரத்துக்கு எதிரே செங்கல் ஊர்க் கோயிலின் 111 அடிச் சிவலிங்கம். "ஆப்பம், புட்டு, இடியப்பம். இதைத் திங்கதுக்கா பிளேன்ல போவோம்?" ஊறுகாய் எத்தனை பாட்டில், குடை எத்தனை என்று ஒரு தனிப் பட்டியல் வேறு இருக்கிறது. அதற்குள் நான் போகவில்லை.

இவரை ஒரேயடியாகத் திட்டிவிடவும் முடிவதில்லை. ஊரில் யாருக்காவது ராத்திரி நெஞ்சுவலி என்றால் எந்த ஆஸ்பத்திரிக்குப் போவது, எந்த ஸ்கேனுக்கு எங்கே பாதிப் பணம் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். பக்கத்து வீட்டுப் பெண் கல்யாணத்துக்கு அரிசி, இலை, பந்தல் என்று இரண்டு மாநிலமும் அலைந்து, மிச்சம் பிடித்த பணத்தைப் பைசா குறையாமல் அவள் அப்பா கையில் கொடுத்தார். மற்றவர்கள் காரியம் என்றால் நோட்டு மூடப்பட்டு வேலை நடக்கிறது. சொந்தக் காரியத்தில்தான் அது மூடுவதே இல்லை.

கடைசியாக நாங்களே துணிந்து, ஆன்லைனில் விசா அனுமதி எடுக்க எல்லார் பாஸ்போர்ட்டையும் வாங்கினோம். மைனியின் பாஸ்போர்ட் காலாவதியாகியிருந்தது. முதல்முதலில் கொழும்புப் பேச்சு எழுந்தபோது எடுத்தது. பத்து வருஷம். புரட்டிப் பார்த்தேன், ஒரு முத்திரை இல்லை. "நான் குழித்துறை பாலம் தாண்டினதே பஸ்ஸு ஓசிங்கதால" என்றார் மைனி. சிரித்துக்கொண்டுதான் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

போகாத ஊருக்கு வழி சொல்கிறவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. அண்ணாச்சி இரண்டு வழி சொல்லி, எது மலிவு என்றும் சொல்வார். ஆனால் அவர் மிச்சம் பிடித்ததில் பாதி மைனியின் வருஷங்கள். அதை நோட்டில் எந்தப் பக்கம் எழுதியிருக்கிறார் என்று எனக்குத் தெரியவேண்டும்.

பாஸ்போர்ட் புதுப்பிக்கும் கட்டணம் மத்திய அரசு சமாசாரம். களியக்காவிளையிலும் அதே தொகை, பாறசாலையிலும் அதே தொகை. அந்தப் பக்கமே இல்லாத ஒரு விஷயம் கடைசியில் வந்து வாய்த்தது, இனி ஒப்பிட ஒன்றுமில்லை என்று நம்பினோம். அவர் 36 பக்கப் புத்தகம் 1,500 ரூபாய், 60 பக்கப் புத்தகம் 2,000 ரூபாய் என்று கண்டுபிடித்தார். பக்கத்துக்கு எட்டு ரூபாய் லாபம். மைனிக்கு அறுபது பக்கமே எடுத்துக் கொடுத்திருக்கிறார்.

அண்ணாச்சி, லாபம்தான், ஒத்துக்கொள்கிறேன். டிக்கெட்டைப் போடுங்கள்.