மாப்ளைக்கு வைட்டமின் வேணுமாம்!

ஏப்பா மாப்ள, தொப்பையை முன்னால அனுப்பிட்டு நீ பின்னால வர்ற அழகே தனி. கையில என்ன, பச்சைக் கலர் மாத்திரையா? வைட்டமின் ஈயா? பேஷ்! எம் பேத்தி அதை ஊசியால குத்தி மூஞ்சியில தடவிக்கிட்டு இருந்தா. இப்ப உன் ஈரலுக்கும் சர்க்கரைக்கும் வந்து சேந்திருச்சாக்கும். ஈரல்ல கொழுப்புன்னு ஸ்கேன்ல வந்ததும் டாக்டர் நடக்கச் சொன்னாரு. நீயும் போன, மருந்துக்கடை வரைக்கும். அதுவும் பைக்குல!

சித்தையன்கோட்டைத் தென்னந்தோப்புல வளந்த பய நீ, உனக்குப் புரியறாப்புல சொல்றேன். வைட்டமின் ஈ, தோப்புக் காவக்காரன். உடம்புல ஒவ்வொரு செல்லைச் சுத்தியும் கொழுப்புச் சவ்வு இருக்கு. ஆக்சிஜன் அதைக் கெடுக்க வந்தா இவன் குறுக்க விழுந்து தடுப்பான். நல்ல வேலைதான். ஆனா காவக்காரனைப் பத்துப் பேராக்குனா தேங்காயும் பத்து மடங்கா காய்க்கும்? பெரியாளுக்கு ஒரு நாளைக்கு 15 மில்லிகிராம் போதும்னு அமெரிக்காக்காரவுகளே சொல்றாக. உன் மாத்திரையில 400. செயற்கைச் சரக்குன்னு பாதியைக் கழிச்சாலும் பத்து மடங்குக்கு மேல நிக்கிது.

1922ல எவன்ஸ், பிஷப்னு ரெண்டு விஞ்ஞானிக இதைக் கண்டுபிடிச்சது சர்க்கரைக்கும் இல்ல, தொப்பைக்கும் இல்ல. எலிக்குக் கரு தங்க இது வேணும்னு கண்டாக. உனக்கு இப்ப அந்தக் கவலையா மாப்ள?

முழுசாப் பொய்யின்னும் சொல்ல மாட்டேன். அமெரிக்காவுல டாக்டர் அருண் சன்யால் குழு 2010ல ஒரு சோதனையை வெளியிட்டுச்சு. ஈரல்ல கொழுப்போட வீக்கமும் இருக்கிறவுக, ஆனா சர்க்கரை இல்லாதவுக. தினம் 800 யூனிட், 96 வாரம். ஈரல் சதையை எடுத்துப் பாத்தா, 100க்கு 43 பேருக்குத் தேறியிருந்துச்சு. வெத்து மாத்திரை தின்னவுகள்ல 19 பேருக்குத்தான். சந்தோசம். ஆனா எடை குறையல, இன்சுலினுக்கு உடம்பு பண்ற முரண்டும் அடங்கல. உனக்கோ சர்க்கரை வேற இருக்கு. அந்தச் சோதனையில உன்னை வாசப்படியே ஏத்தியிருக்க மாட்டாக.

மலைக்கு அங்கிட்டு, கேரளாவுல பொறந்த டாக்டர் சலீம் யூசுப், கனடாவுல இருந்துக்கிட்டு 9,500 பேருக்கு மேல பாத்தாரு. தினம் 400 யூனிட், நாலரை வருசம். மாரடைப்பு குறையலன்னு 2000லயே சொல்லிட்டாரு. 2011ல வந்த சேதி இன்னும் மோசம். 400 யூனிட் தின்ன ஆம்பளைகளுக்குப் புராஸ்டேட் புற்றுநோய் 17 சதவீதம் கூடுதலா வந்திருக்கு. ரத்தம் உறையாம இருக்க மாத்திரை திங்கிறவுக இதையும் சேத்து முழுங்குனா ரத்தக்கசிவு பயம். வைட்டமின்னாலே நல்லதுன்னு எவன்டா உனக்குச் சொன்னது?

வேணும்னா கடலை தின்னு. 100 கிராம்ல 8 மில்லிகிராம் கிடைக்கும். சூரியகாந்தி விதையில 35. தேங்காயெண்ணெயில ஒண்ணும் பெருசா இல்ல, தோப்பு வச்சிருக்க நானே சொல்றேன், நம்பு. அதுக்காகக் கடலையைப் படிக்கணக்குல அள்ளிராத, 100 கிராமுக்கு 560 கலோரி. அப்புறம் நீ ராத்திரி போற புரோட்டாக் கடையில, கருத்துப்போற வரைக்கும் கொதிச்ச எண்ணெயில வைட்டமின் ஈ தேடாத. அது எப்பவோ செத்துப்போச்சு.

நாட்டுல 10 கோடிப் பேருக்குச் சர்க்கரைன்னு 2023ல சென்னை டாக்டர் அஞ்சனாவும் மோகனும் சேந்து செஞ்ச ஆய்வு சொல்லுச்சு. அம்புட்டுப் பேரும் இந்தப் பச்சை மாத்திரை இல்லாமயா படுத்தாக? தட்டு ரொம்பிச்சு, நடை கொறஞ்சுச்சு. 2021ல இருந்து அரசாங்கத்துல மக்களைத் தேடி மருத்துவம்னு வீட்டுக்கே வந்து சர்க்கரை, பிரஷர் பாக்குறாக. நீயோ அவுக வர்ற நேரமாப் பாத்து டீக்கடைக்குக் கிளம்பிர்ற.

டாக்டரு எழுதிக் குடுத்தா மாத்திரையைத் தின்னு, நான் குறுக்க வரல. நீயா வாங்குனதுன்னா இன்னியோட நிப்பாட்டு. அந்தக் காசுக்கு வேகவச்ச கடலை வாங்கிக்கிட்டு ஆத்தூர் வரைக்கும் நடந்து போ. திரும்பி வர்றப்பவும் நடந்தே வா மாப்ள, ஆட்டோ பிடிச்சன்னா கணக்குல வராது.