மிளகு காஞ்சிருச்சான்னு கேக்க லண்டன் போன கதை

வாடா பேராண்டி, குந்து. ஜப்பான்காரி ஒருத்தியோட பூனைப் படத்துக்கு நீ இங்கிலீஷ்ல எழுதினது, அவ போன்ல ஜப்பான் பாஷையா எந்திரிச்சு நின்னுச்சாமே? சந்தோசம். நாலந்தாச் சந்தியில பஸ்ஸை மறிச்சு, மாத்தளைக்கு எவ்வளவுன்னு சிங்களத்துல கேக்க முழிக்கிற பய நீ, தோக்கியோ வரைக்கும் போயிட்டே.

அந்த மெஷினை நானும் சோதிச்சேன். அடுத்த வீட்டுச் சிங்களப் பொடியனுக்கு, "தம்பி, மிளகு காஞ்சிருச்சா?"ன்னு உன் போன்ல சொன்னேன். அங்க "அய்யே"ன்னு போய் விழுந்துருக்கு. அதாவது அண்ணன்! எனக்கு எழுபத்தாறு, அவனுக்கு முப்பது. நம்ம தம்பி இங்கிலீஷ் வாசல்ல நுழைஞ்சு 'பிரதர்' ஆகி, வயசை அங்கேயே தொலைச்சுட்டு, சிங்களத்துக்கு அண்ணனா வந்து சேர்ந்துட்டான்னு நினைக்கிறேன். ஜப்பான்லயும் அண்ணன் 'அனி', தம்பி 'ஒதோதோ'. வயசு பாக்காத வீடு நடுவுல இருக்கிறதுதான்.

கூகிள் மொழிபெயர்ப்புல தமிழ் வந்தது 2011ல, சிங்களம் 2014ல. அந்தக் காலத்துல ரெண்டு பாஷைக்கு நடுவுல பெரும்பாலும் இங்கிலீஷ்தான் தரகர். 2016ல ஜப்பானையும் கொரியாவையும் நேராக் கோத்துப் பாத்தாங்க. நம்ம வேலியை விட்டுத் தரகர் இன்னும் போகலைன்னுதான் என் சந்தேகம்.

தரகர் எதுக்குடா? நாம 'சோறு தின்னேன்'கிறோம். சிங்களப் பொடியன் 'பத் கேவா'ங்கிறான். உன் பூனைக்காரி 'கொஹன் ஓ தபேதா'ங்கிறா. மூணு பேருமே சோத்தை முதல்ல வெச்சுத் தின்னதைக் கடைசியிலதான் சொல்றோம். ஓனோ சுசுமுன்னு ஒரு ஜப்பான் பேராசிரியர், தமிழும் அவங்க பாஷையும் உறவுன்னே வாதாடினார். யாழ்ப்பாணத்துச் சண்முகதாஸ் ஐயாவும் மனோன்மணி அம்மாவும் அவர்கூட உழைச்சாங்க. மொழியியல்காரங்க முக்காவாசிப் பேர் ஒத்துக்கலை. கல்யாணத்துக்கு வராத சொந்தக்காரன் எல்லா வீட்டுலயும் இருக்கான்தானே.

நம்ம நாலந்தாக் கெடிகேயைப் பாரு. உடம்பு பல்லவர் கோயில், உள்ள புத்தர். போவத்தென்ன நீர்த்தேக்கம் வருதுன்னு கல் கல்லாக் கழற்றி மேட்டுல திரும்ப நிறுத்தினாங்க. அதுக்கு லண்டன் போகலை.

இன்னொண்ணு. 2017ல ஒரு பாலஸ்தீனத் தொழிலாளி புல்டோசர்ல சாஞ்சு நின்ன போட்டோவுக்கு அரபியில காலை வணக்கம் போட்டான். ஃபேஸ்புக் அதை ஹீப்ருவுல 'அவங்களைத் தாக்கு'ன்னு காட்டுச்சு. இஸ்ரேல் போலீஸ் அரபி தெரிஞ்ச ஒருத்தரைக்கூடக் கேக்காமப் புடிச்சுட்டுப் போய், சில மணி நேரம் கழிச்சு விட்டுது. பூனைக்காரிக்குக் காலை வணக்கம் சொல்றதுக்கு முன்னாடி மாத்தளையில ஒரு வக்கீலைப் பாத்து வெச்சுக்க.

அடுத்த வீட்டுப் பொடியன் இப்ப என்னை "மல்லி"ன்னு கூப்பிடுறான். அவன் பாஷையில தம்பி. உன் பாட்டி காதுல கொத்தமல்லியா விழுந்து, ரசம் வைக்கட்டுமான்னு கேக்கிறா.

மிளகு காஞ்சுதான்னு இன்னும் தெரியல. நீயே போய்க் கேட்டுட்டு வா. சிங்களத்துல கம்மிரிஸ்னு சொல்லணும். போனை இங்க வெச்சுட்டுப் போ.