கூரை இடிக்கும் கௌரவம்

பிஎம்டபிள்யூ வேண்டும், ஆனால் 3 சீரிஸ் அளவுக்குக் கை நீளாது என்பவர்களை மனதில் வைத்தே வந்தது 2 சீரிஸ் கிரான் கூப்பே. செங்கல்பட்டுப் பக்கம் பூட்டிய வண்டிதான்; தெருவில் நிறுத்தினால் என்னவோ முனிச்சிலிருந்து நேரே வந்ததுபோல் ஒரு பார்வை பார்க்கும்.

2021-இல் இங்கே வந்த பெட்ரோல் மாடலுக்கு 190 குதிரைத்திறன் இருந்தது. நின்ற இடத்திலிருந்து நூறைத் தொட 7.1 விநாடியாம். வேளச்சேரியில் அதற்குள் ஒரு ஷேர் ஆட்டோ, இரண்டு ஸ்கூட்டி, ஒரு மாடு குறுக்கே வந்துவிடும். பின்சக்கரம் தள்ளுவதே பிஎம்டபிள்யூ என்று பல பத்தாண்டு மார்தட்டிய நிறுவனம், 2014-இல் முதன்முதலாக முன்சக்கரத்துக்கு இறங்கிவந்தது. இந்த வண்டியையும் இழுப்பது முன்சக்கரம்தான். விற்பனையாளர் அதைத் தானாக வாய் திறந்து சொன்னால் அவருக்கு ஒரு காபி வாங்கிக் கொடுங்கள்.

கதவுக் கண்ணாடிக்குச் சட்டம் கிடையாது. திறந்து காட்டுவதற்காகவே நாலு தடவை இறங்கலாம். கூரைதான் பின்னால் சரிந்துவிட்டது. ஆறடி மாமனாரைப் பின்னிருக்கையில் ஏற்றினால் அவர் வழுக்கை கூரையில் இடிக்கும். இறங்கும்போது அவர் சொல்வதை மாமியார் காதில் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

அக்கம்பக்கம் பார்க்க வேண்டும் என்றால் தாராளமாக வாங்குங்கள். ஓட்டத்தான் ஆசை என்றால், வாரன்டி மிச்சமிருக்கும் பழைய 3 சீரிஸ் ஒன்றைத் தேடுங்கள்.