கப்பலேறிய ட்ரம்ஸ்

1973இல் எங்கள் தேயிலைத் தோட்டத்துப் பொப் குழுவின் பாட்டு இலங்கை வானொலியில் போனது என்றால் பேரன் நம்புவதில்லை. "லிங்க் இருந்தா அனுப்புங்க தாத்தா" என்கிறான். அவன் பாடி ஏற்றிய பாட்டை உலகமே கேட்கலாம். இதுவரை கேட்டது பெரும்பாலும் அவன்தான்.

பொல்பிட்டிய பவர்ஹவுஸ் 1969இலேயே ஓடத் தொடங்கிவிட்டது, 75 மெகாவாட். கம்பி எங்கள் தலைக்கு மேலே கொழும்புக்குப் போகும், நாங்கள் குடியிருந்த லயத்தில் குப்பிலாம்பு எரியும். ஆகவே எலெக்ட்ரிக் கிட்டார் என்ற பேச்சே எழவில்லை. தேயிலை அனுப்பும் பலகைப் பெட்டிதான் ட்ரம்ஸ். அதை அடித்தவன் காமன் கூத்துக்குத் தப்படிக்கிறவன். கையில் தப்புத் தாளம், தலையில் பீட்டில்ஸ் முடி.

அது பொப்பிசைக் காலம். நித்தி கனகரத்தினத்தின் 'சின்ன மாமியே' எல்லார் வாயிலும் இருந்தது; ஏ.ஈ. மனோகரன் மேடையேறினால் கூட்டம் தாங்காது. இதற்கெல்லாம் சிறிமாவோ அரசாங்கத்துக்கும் ஒரு கும்பிடு போடத்தான் வேண்டும். இந்தியப் படங்களுக்கும் பத்திரிகைகளுக்கும் இறக்குமதிக் கட்டுப்பாடு வந்ததால், உள்ளூர்ச் சரக்குக்குத் திடீரென்று மவுசு. எங்களைப் போன்ற சரக்குக்கும்கூட.

அவிசாவளை வழியாக, பஸ் கூரையில் பெட்டியைக் கட்டிக்கொண்டு கொழும்பில் வானொலி நிலையம் இருந்த டொரிங்டன் சதுக்கம் போய்ப் பாடிவிட்டு வந்தோம். ஒலிபரப்பான அன்று கணக்கப்பிள்ளை வீட்டு வாசலில் தோட்டமே நின்றது. அறிவிப்பாளர் குழுவின் பெயரை மட்டும் சொன்னார். எங்கள் பெயர்கள் வரவில்லை. ட்ரம்ஸ்காரனின் அம்மாவுக்கு அதில் பெரிய மனத்தாங்கல்: "பேரச் சொல்லாம என்னடா பாட்டு?"

அடுத்த பாட்டுக்கு ஒத்திகை நடக்கும்போதே அவன் குடும்பத்துக்கு இந்தியப் பாஸ்போர்ட் வந்துவிட்டது. 1964இல் இந்தியப் பிரதமர் சாஸ்திரியோடு சிறிமாவோ போட்ட ஒப்பந்தப்படி இந்திய வம்சாவளியினர் 5,25,000 பேர் இந்தியாவுக்குப் போகவேண்டும். அதில் எங்கள் ட்ரம்ஸும் அடக்கம். பாட்டுக்கு இடம் கொடுத்த கையே தாளத்தைக் கப்பலேற்றியது. தலைமன்னாருக்குப் போகும் ஒப்பாரிக் கோச்சியில் அவனை ஏற்றிவிட்டுத் திரும்பினோம். தாளமில்லாத குழு பிறகு கல்யாண வீடுகளில்கூட எடுபடவில்லை.

அவன் போய்ச் சேர்ந்தது நீலகிரி. அங்கேயும் தேயிலைதான், குளிர்தான். ரேடியோவும் அதே ரேடியோதான்! 1952இல் அகில இந்திய வானொலி சினிமாப் பாட்டை ஒதுக்கிய காலந்தொட்டுத் தமிழ்நாட்டுக் காதுகள் சிலோன் பக்கம் திரும்பியிருந்தன. பிறகு அங்கே விவித் பாரதி வந்தும் அந்தப் பழக்கம் விடவில்லை. கொழும்பிலிருந்து அவர்களுக்கென்றே சினிமாப் பாட்டு போகும். எங்கள் சரக்குக்கு அதில் இடமேது.

ஒருநாள் நேயர் விருப்பத்தில் எம்.ஜி.ஆர். பாட்டொன்றுக்கு முன்னால் பெயர்ப் பட்டியல் வாசித்தார்கள். கோத்தகிரியிலிருந்து கேட்டவர்களில் அவன் பெயர், தகப்பன் பெயரோடு, சுத்தமாக. அவன் அம்மா ஊருக்கு எழுதிய கடிதத்தில் முதல் வரியே அதுதான்: மகன் பெயரை ஒருவழியாக ரேடியோவில் சொல்லிவிட்டார்களாம்.