பின்னறிவியல்: கும்மிடிப்பூண்டி வட்டாரத்தை முன்வைத்து ஓர் ஆய்வு

“வேண்டும்போது வாராது, வேலை முடிந்தபின் வந்து உட்காரும் அறிவு பின்னறிவு எனப்படும்.”

இந்நூற்பா என் நுதலிற்றோ எனின், நாள்தோறும் கையில் புழங்கும் பொருளைப் பற்றி நாற்பது வயதுக்கு மேல் ஒரு செய்தி தெரியவந்து, “அட, இதுவா!” என்று வாய் பிளக்க வைக்கிறதே, அதன் இலக்கணம் உணர்த்துதல் நுதலிற்று. பின்புத்தி வேறு, பின்னறிவு வேறு. தப்பு செய்துவிட்டு வருந்துவது பின்புத்தி. தப்பு நடந்துகொண்டிருந்ததே தெரியாமல் இத்தனை வருஷம் ஓட்டியதற்கு அசடு வழிவது பின்னறிவு. இத்துறையில் முன்னோர் ஆய்வு எதுவும் கண்ணில் படாததால், அவற்றை மறுக்கும் வேலை மிச்சம்.

கள ஆய்வுக்குத் திருவள்ளூர் மாவட்டத்தின் வடகோடியைத் தேர்ந்துகொண்டதற்குக் காரணம் உண்டு. மீஞ்சூர் தொடங்கிக் கும்மிடிப்பூண்டி சிப்காட் வரை ஒருவர் இரும்பை உருக்குகிறார், ஒருவர் மின்சாரம் எடுக்கிறார், ஒருவர் துறைமுகத்தில் சரக்கு இறக்குகிறார். ஒரு கம்பெனியின் பாலபாடம் அடுத்த காம்பவுண்டுக்குப் பரம ரகசியம். தரவுகள் மூர் மார்க்கெட் வளாகத்திலிருந்து புறப்படும் கும்மிடிப்பூண்டி மின்சார ரயிலிலும், சிப்காட் வாசல் டீக்கடைகளிலும் திரட்டப்பட்டன. டீக்கடைத் தரவு நம்பத்தக்கதோ எனின், நம்பத்தக்கதே. ஒருவர் சொல்லி முடிப்பதற்குள் பக்கத்து பெஞ்சுக்காரர் மறுத்துவிடுகிறார். எந்த ஆய்விதழிலும் இவ்வளவு விரைவான சரிபார்ப்பு கிடையாது.

முதல் சான்று ரயில் பாதையோரம் நிற்கும் மஞ்சள் பலகை. அதில் டபிள்யூ, எல் என்று இரண்டு ஆங்கில எழுத்துகள். கூடவே இந்தியிலும் சுருக்கமாக ஏதோ இருக்கும். வருஷக்கணக்கில் சீசன் டிக்கெட் எடுக்கும் பயணிகளிடம் இது குறித்து மூன்று பள்ளிகள் நிலவுகின்றன. ‘வாட்டர் லெவல்’ என்பது ஒரு பள்ளி. மழைக்காலத்தில் இதற்குச் செல்வாக்கு கூடும். ‘வெயிட் லிமிட்’ என்பது இரண்டாவது. ‘வெயிட்டிங் லிஸ்ட்’ என்பது தீபாவளிக்கு ஊருக்குப் போக டிக்கெட் கிடைக்காதவர்களின் கொள்கை. உண்மை: விசில், லெவல் கிராசிங். முன்னே கேட் வருகிறது, ஹாரன் அடி என்று டிரைவருக்குச் சொல்லும் பலகை அது. நம் பயணி பலகையையும் பார்த்திருக்கிறார். அடுத்த நொடியே ஹாரனையும் கேட்டிருக்கிறார். இரண்டுக்கும் முடிச்சுப் போட்டதில்லை. தகவல் பற்றாக்குறையால் பின்னறிவு உண்டாவதில்லை என்பதற்கு இதைவிட வலுவான சான்று வேண்டாம்.

நிலையத்தின் பெயர்ப் பலகையில் எம்.எஸ்.எல். என்று போட்டு ஒரு சின்ன எண் இருப்பதும் இவ்வகையே. ஊருக்குப் புதிதாக வேலைக்கு வந்தவர் அதைக் கடல் இருக்கும் தூரம் என்று எடுத்துக்கொள்வதுண்டு. அது சராசரி கடல் மட்டத்திலிருந்து நிலையத்தின் உயரம். பாதை போடுகிறவர்கள் மட்டம் பிடிக்க வைத்த குறி. கடல் பார்க்க வேண்டுமானால் பொன்னேரியில் இறங்கிப் பழவேற்காடு பஸ்ஸைப் பிடிக்க வேண்டும்.

இனிக் கம்பி. இதைச் சற்று விரித்துப் பேச வேண்டும், ஏனெனில் இதில் பணம் இருக்கிறது.

கும்மிடிப்பூண்டியைச் சுற்றி இரும்பு உருக்கும் ஆலைகளும் ரோலிங் மில்களும் இருக்கின்றன. ஆகவே இங்கே வீடு கட்டுகிறவருக்குக் கம்பியின் ஜாதகமே தெரிந்திருக்கும் என்பது இயல்பான எதிர்பார்ப்பு. ஆய்வு அதைப் பொய்யாக்கியது. கம்பியின் விட்டத்தை மில்லிமீட்டரில் எடுத்து, அதை அதனாலேயே பெருக்கி, 162ஆல் வகுத்தால், ஒரு மீட்டர் கம்பியின் எடை கிலோவில் வந்துவிடும். 12 எம்.எம். கம்பியென்றால் 144ஐ 162ஆல் வகுக்க, ஏறத்தாழ 0.89 கிலோ. வழக்கமாக வரும் 12 மீட்டர் கம்பி ஒன்று 10.7 கிலோ சுமாருக்கு நிற்க வேண்டும். 8 எம்.எம். என்றால் ஒரு கம்பி 4.7 கிலோ. இதில் மாயம் ஒன்றுமில்லை. ஒரு கன மீட்டர் எஃகு 7850 கிலோ. வட்டத்தின் பரப்பளவோடு அதைச் சேர்த்துச் சுருக்கினால் 162 வந்து நிற்கும். ஐ.எஸ். 1786 என்ற இந்தியத் தரநிலை 12 எம்.எம். கம்பிக்கு ஐந்து சதவீதம் கூடக்குறைய இருக்க இடம் தருகிறது. அதற்கு மேல் போனால் கேள்வி கேட்கலாம். லாரியிலிருந்து இறங்கும் கம்பியை எண்ணி, இந்தக் கணக்கால் பெருக்கி, எடைமேடைச் சீட்டோடு ஒப்பிட ஒரு துண்டுக் காகிதம் போதும்.

கம்பிக் கடைப் பையனுக்கு இது தெரியும். கம்பி கட்டுகிறவருக்கும் மேஸ்திரிக்கும் தெரியும். கடன் வாங்கிக் கட்டுகிறவருக்கு மட்டும் தெரியாது. அவருக்கு எப்போது தெரியவருகிறது? கிரகப்பிரவேசத்தன்று. பந்தி முடிந்து வெற்றிலை போடும் நேரத்தில் சகலை வருவார். தூணைத் தட்டிப் பார்ப்பார்.

“கம்பி எடை செக் பண்ணீங்களா சகலை? பெருக்கி 162ஆல வகுத்தா தெரிஞ்சிருக்குமே.”

“அப்பவே சொல்லியிருக்கலாமே?”

“நீங்க கேக்கலையே!”

இவ்வுரையாடலிலிருந்து பெறப்படும் விதி: பின்னறிவைக் கொண்டுவருபவர் கான்கிரீட் இறுகிய பிறகே வருவார். அவர் பெரும்பாலும் உறவினராக இருப்பார். (அதே சகலை அன்றைக்கே இன்னொன்றும் சொல்வார்: டி.எம்.டி. கம்பியைச் சூட்டோடு தண்ணீர் பீய்ச்சிக் குளிரவைப்பதால் வெளித்தோல் கடினமாகி, உள்ளே இளக்கமாகவே இருக்கும், நம்மூர் மாமனார்களைப் போல. இதைத் தம் மாமனார் காதில் விழாத தூரத்தில் சொல்வார்.)

அற்றேல், இது நம்மவர் குறைபாடு மட்டுமோ எனின், அன்று. கார் டாஷ்போர்டில் பெட்ரோல் பங்கு படத்தின் பக்கத்தில் ஒரு சின்ன அம்பு இருக்கும். டாங்க் மூடி எந்தப் பக்கம் என்று அது காட்டுகிறது. அமெரிக்காவில் ஃபோர்டு கம்பெனியின் வடிவமைப்பாளர் ஜிம் மோய்லன் மழைநாளில் பங்கில் காரைத் தவறான பக்கம் நிறுத்தி, நனைந்து, 1986இல் மேலதிகாரிகளுக்கு ஒரு குறிப்பு எழுதினார். 1989ஆம் ஆண்டு மாடல் எஸ்கார்ட் காரில் அம்பு வந்தது. பிற கம்பெனிகளும் எடுத்துக்கொண்டன. ஃபோர்டு நம் மறைமலை நகருக்கே வந்து, ஆலை கட்டி, கார் செய்து, 2022இல் உற்பத்தியை நிறுத்தியும் விட்டது. அம்பின் பொருள் மட்டும் இன்னும் பல ஓட்டுநர்களுக்கு வந்து சேரவில்லை. ஜி.என்.டி. ரோட்டு பங்குகளில் கழுத்தை வெளியே நீட்டி, “எந்தப் பக்கம்ணே?” என்று பங்குப் பையனையே கேட்பது தொடர்கிறது.

பூட்டின் அடியிலுள்ள துளை மழைத்தண்ணீர் வடியவும் எண்ணெய் விடவும் என்பது, 100 ரூபாய் நோட்டின் ஓரத்தில் தடவினால் தட்டுப்படும் நான்கு கோடுகளும் 500இல் ஐந்து கோடுகளும் பார்வையற்றோர் விரலால் அறிய என்பது முதலியன இவ்வினத்தில் அடங்கும். விரிப்பின் பெருகும்.

காரணம் என்னை? ஒளித்து வைத்தது ஒன்றுமில்லை. எல்லாம் பொருளின் மேலேயே எழுதியிருக்கிறது. சிக்கல், கேட்க வேண்டிய காலத்தில் உள்ளது. புதிதாக வந்த பொருளைப் பற்றி முதல் மாதம் யாரையும் கேட்கலாம். இரண்டு வருஷம் புழங்கிய பிறகு கேட்டால், “இதுகூடத் தெரியாதா?” என்பார்கள். ஆகவே கேட்பதில்லை. தெரிந்தவரோ, “இதுகூடவா தெரியாமல் இருக்கும்!” என்று சொல்வதில்லை. கூச்சத்துக்கும் மரியாதைக்கும் நடுவில் தகவல் மாட்டிக்கொள்கிறது. படித்தவருக்குக் கூச்சம் அதிகம் என்பதால் தாமதமும் அதிகம். எழுதப் படிக்கத் தெரியாத பாட்டி எவரையும் எதையும் கேட்டுவிடுகிறார். பின்னறிவு அவரை அண்டுவதில்லை.

இதைவிட மோசமானது அரைப் பின்னறிவு. தாமதமாக வந்ததும் அல்லாமல் தப்பாகவும் வருவது. கேஸ் சிலிண்டரின் தலையில் கைப்பிடி வளையத்தைத் தாங்கி மூன்று பட்டைகள் நிற்கும். அதில் ஒன்றின் உட்பக்கத்தில் ஓர் ஆங்கில எழுத்தும் இரண்டு இலக்க எண்ணும் இருக்கும். வாட்ஸ்அப் வழியாக இதை அறிந்தவர்கள், “கேஸ் எக்ஸ்பயரி ஆயிடும்” என்று தெருவையே கலக்குகிறார்கள். எண்ணூர்ப் பக்கம் காமராஜர் துறைமுகத்தில் கப்பலில் வந்து இறங்குகிற எல்.பி.ஜி. கெட்டுப்போகிற சரக்கு அல்ல. அதற்கு இயல்பாக வாசனையும் கிடையாது; கசிந்தால் மூக்கு கண்டுபிடிக்கட்டும் என்று எத்தில் மெர்காப்டன் என்ற நாற்றப் பொருளைக் கலக்கிறார்கள். பட்டையிலுள்ள குறி இரும்பு உருளையை மறுசோதனைக்கு அனுப்ப வேண்டிய கெடு. ஏ என்றால் மார்ச், பி என்றால் ஜூன், சி என்றால் செப்டம்பர், டி என்றால் டிசம்பர் முடிய. ‘டி 28’ என்றிருந்தால் 2028 டிசம்பர் வரை கவலையில்லை. பட்டையில் வெற்று உருளையின் எடையும் எழுதியிருக்கும், அதோடு 14.2 கிலோவைக் கூட்டினால் நிறை சிலிண்டரின் எடை. சந்தேகம் இருந்தால் எடை போட்டுக் காட்டச் சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு.

ஆகவே வாசகர் செய்ய வேண்டியது: அடுத்த சிலிண்டர் வரும்போது, கொண்டுவரும் தம்பி படியிறங்குவதற்கு முன் பட்டையைப் பாருங்கள். கெடு தாண்டியிருந்தால் வாங்காமல் திருப்பி அனுப்புங்கள். கேஸ் கசிகிறதென்று சந்தேகம் வந்தால் அழைக்க வேண்டிய எண் 1906; இரவு பகல் எந்நேரமும் எடுப்பார்கள்.